காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்ட கடைசிப் பெட்டி

குடைத் துணியைக் கிழித்துத் தைத்த கறுப்பு அங்கி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட கறுப்பு முகமூடி. கையில் வெள்ளித்தாள் ஒட்டிய மரக்கத்தி. ஆடி மாத வெயிலில், பாலக்கரைக் கடைவீதியின் நடுவே, ஒரு மாட்டுவண்டியின் மேல் நின்றுகொண்டு நான் எதிரிகளை வெட்டிக்கொண்டிருந்தேன்.

எதிரி என்று யாரும் இல்லை. வண்டிக்கு முன்னால் தமுக்கு அடிப்பவர் போனார். பின்னால் பாதித் தெரு வந்தது. நான் கத்தியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, ரோஸ் நிற நோட்டீஸ்களை அள்ளி வீசுவேன். அவை தரையில் விழுவதற்குள் பிடித்துவிடுவார்கள்.

"முகமூடி, இந்தப் பக்கம் வீசு!"

"யோவ் முகமூடி, உன் அங்கி வண்டிச் சக்கரத்துல மாட்டுது பாரு!"

இரண்டாவதாகக் கத்தியவர் சொன்னது உண்மை. அன்று நான் விழாமல் தப்பியது அவரால்தான்.

கரூர்ப் பக்கம் லாரி ஷெட்டில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தவனாக என்னைப் போன வாரக் கட்டுரையில் பாதியில் விட்டேன். அவனேதான் இந்த முகமூடி. திருச்சிக்குப் புறப்பட்ட ஒரு லாரியில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது. ஏறிப் படுத்துவிட்டேன். அந்த வயதில் ஊர் மாற எனக்கு அவ்வளவு காரணம் போதும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் ஏறக்குறைய இப்படித்தான்.

திருவானைக்காவலில் ஒரு டெண்ட் கொட்டகையில் வேலை கிடைத்தது. பகலில் முகமூடி போட்டு விளம்பரம். சாயங்காலம் டிக்கெட் கிழிப்பது. இடைவேளையில் சோடா, கலர் விற்பது. ராத்திரி திரைக்குப் பின்னால் மணலில் படுக்கை. சாப்பாடு ஒரு வேளை நிச்சயம். இன்னொரு வேளை முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் அது ராஜ வாழ்க்கை.

அம்மாவுக்கே தெரியாத முகம்

அப்போது முகமூடிப் படம் என்றால் ஜனங்களுக்கு உயிர். குதிரையில் வருவான், கூரைக்குக் கூரை தாவுவான், ஒற்றை ஆளாக ஒரு படையையே புரட்டிப் போடுவான். ஏழைகளைக் காப்பாற்றிவிட்டு, பெயர் கேட்பதற்குள் மறைந்துவிடுவான். படங்களின் பெயர்கள் எனக்கு இப்போது ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. அன்றைக்கும் யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "முகமூடிப் படம் ஓடுதா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் படங்களில் ஒரு விசேஷம். கண்ணைச் சுற்றி ஒரு முழம் கறுப்புத் துணியைக் கட்டினால் போதும், கதாநாயகனை அவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இருட்டில் இருமல் சத்தத்தை வைத்தே பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்கிற ஜனங்கள், இதை ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. பொன்மலை ரயில்வே பட்டறை ஆட்கள் இரும்பில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர்கள். அவர்களும் கேட்டதில்லை. விசில்தான் அடித்தார்கள்.

ஜீயபுரத்தில் வாழைத்தார் வெட்டுகிற ஒருவர், படம் பார்த்த மறுநாள் வேட்டியின் இரண்டு முனையைத் தோளில் முடிந்துகொண்டு தோட்டத்துப் பம்புசெட் கொட்டகைக் கூரையிலிருந்து பறந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே நின்ற இரண்டு வாழைமரங்கள் முறிந்தன. தோட்டக்காரர் அவரை விரட்டிக்கொண்டு ஓடியபோது, படத்தில் வருகிற குதிரையைவிட வேகமாக ஓடினாராம். அடுத்த வாரமும் கொட்டகைக்கு வந்தார். "தூரம் பத்தலைண்ணே, அதான்" என்று என்னிடம் சொன்னார்.

கூப்பிடாமலே வருகிறவன்

ஒரு நாள் வண்டி ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் திரும்பியது. பஞ்சகச்சமும் திருமண்ணுமாக ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்து, கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஏண்டாப்பா, நீ யாரு?"

"முகமூடி, சாமி."

"அது தெரியறது. என்ன பண்ணுவாய்?"

"கெட்டவங்களை அடிப்பேன். கஷ்டப்படறவங்களைக் காப்பாத்துவேன். படத்துல, சாமி."

"கூப்பிட்டா வருவாயோ?"

"கூப்பிடாமலே வருவேன்."

பெரியவர் விரலை மூக்கில் வைத்தார். "கஜேந்திரன் 'ஆதிமூலமே'ன்னு அலறினப்புறம்தான் எம்பெருமான் கருடன்மேல ஏறி வந்தார். நீ கூப்பிடாமலே வரேங்கறே. பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்றார். பிறகு கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொண்டு, "சரி, ஒரு நோட்டீஸ் குடு. ஆத்துல காட்டறேன்" என்று கையை நீட்டினார்.

வீட்டில் காட்டியிருப்பார் போலிருக்கிறது. மறுநாள் அந்த வீதியிலிருந்து ஒரு கூட்டமே வந்தது.

ஒரே படம், இரண்டு கொட்டகை

எங்கள் முதலாளி ஆரோக்கியசாமி பாலக்கரைக்காரர். ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசைக்குப் போகாமல் கல்லாப் பெட்டியைத் திறக்க மாட்டார். புதுப் படத்துக்குத் தனிப் பிரதி எடுக்க அவருக்கு வசதி இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பாலக்கரைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் அதே படம் ஓடியது. அங்கே பொழுதோடு காட்சி தொடங்கும். எங்கள் டெண்டில் இருட்டிய பிறகுதான் தொடங்க முடியும். அங்கே ஓட்டி முடித்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டு, சைக்கிளில் கட்டி, காவிரிப் பாலம் தாண்டி எங்களிடம் கொண்டுவர வேண்டும். இங்கே ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பெட்டி வந்துவிட வேண்டும்.

அந்தப் பெட்டிகளைச் சுமந்தவன் இப்ராகிம். என்னைவிட ஒரு வயது மூத்தவன். சைக்கிள் மிதித்து மிதித்து அவன் கெண்டைக்கால் தேங்காய் மாதிரி இருக்கும்.

இப்ராகிமுக்கு ஒரே ஒரு கவலை. பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்த கனி ராவுத்தரின் மகள் ஜைனம்பு. ஒரே சந்து. இவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளும் தன் அம்மாவிடம், கட்டினால் இவனைத்தான் என்று சொல்லிவிட்டாள். இப்ராகிமின் அம்மா பெண் கேட்டுப் போனார். ராவுத்தர் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

இப்ராகிம் ராவுத்தரின் குரலிலேயே சொல்லிக் காட்டினான். "'சினிமாப் பெட்டி தூக்கறவனுக்கா? படம் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன பய. அவனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நான் எந்த முகத்தோட பள்ளிவாசலுக்குப் போறது?'"

"அவ்வளவுதானா?"

"வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. தேதி குறிச்சுடுவாங்க. அவ்வளவுதான் கோவாலு."

அவன் அதைச் சொன்னது அந்த வாரத்தின் ஆரம்பத்தில். அதே வாரத்தில்தான் ஆடிப்பெருக்கும் வந்தது.

துண்டு போட்டவர்

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்கு எவ்வளவு ஜனம் வரும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி அதைத்தான் கணக்குப் போட்டார். ஆற்றுக்கு வருகிற கூட்டம், கலந்த சாதம் சாப்பிட்டுவிட்டு, அப்படியே நம் டெண்டுக்கு வரும் என்றார். நாங்களும் தலையாட்டினோம். கூட்டம் அப்படியே வந்தது. மஞ்சள் கயிறு கட்டிய பெண்கள், ஈர வேட்டி ஆண்கள், தூக்குச் சட்டிகள். டெண்டின் ஓரத் துணியைத் தூக்கிவிட்டும் இடம் போதவில்லை.

அத்தனை ஜனமும் எந்த வழியாக வரும், எங்கே நிற்கும் என்று மட்டும் நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் இடைவேளையில் கலர் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைசி மூங்கில் கம்பத்தின் அடியில் ஒருவர் தலையோடு துண்டைப் போர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் துண்டுக்குக் கீழே மருதாணி போட்ட தாடி சிவப்பாகத் தொங்கியது. பாலக்கரையில் நோட்டீஸ் வீசப் போகும்போது தோல் மண்டி வாசலில் நான் பார்த்த அதே தாடி. பக்கத்தில் போனதும் பச்சைத் தோல் வாசனை வேறு.

"ராவுத்தரய்யா, நீங்களா?"

"நான் இல்லை."

"கலர் வேணுமாங்க?"

"வேணாம். சத்தம் போடாதே." துண்டைக் கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தார். "நீ அந்த இப்ராகிமோட சுத்தறவன்தானே? அவன்கிட்டச் சொல்லிடாதே தம்பி. எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் ஆத்தைத் தாண்டி இங்க வரேன்."

"இதுக்கு முன்னாடியும் வந்திருக்கீங்களா?"

"ரெண்டு வாட்டி. ரெண்டு வாட்டியும் கடைசிப் பெட்டி போடறதுக்குள்ள எந்திரிச்சுப் போக வேண்டியதாப் போச்சு. நேரமானா வூட்ல கேப்பாங்க. இன்னிக்கு வெள்ளம் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த முகமூடி யாருன்னு கடைசிப் பெட்டியிலதான் காட்டுவாங்களாம். அது தெரியாம எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை."

"நான் வேணா சொல்லட்டுங்களா?"

"வாயைத் திறந்தே, தோலை உரிச்சிருவேன்."

தொழில் தெரிந்தவர் சொன்னதால் நான் வாயைத் திறக்கவில்லை.

"சண்டை போடு"

இரண்டாவது பெட்டி எப்படியோ வந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதே இப்ராகிம் சொன்னான், "பாலத்துல கூட்டம் ஏறிக்கிட்டே இருக்கு. முதலாளிகிட்டச் சொல்லு."

சொன்னேன். முதலாளி சிலுவை போட்டுக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்?

இரண்டாவது பெட்டியின் கடைசி ரீலில் முகமூடியை வில்லன் பாதாளச் சிறையில் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். தண்ணீர் ஏறுகிறது. இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. அங்கே ரீல் முடிந்தது. விளக்கு போட்டார்கள். கடைசிப் பெட்டி வரவில்லை.

கிராமபோனில் ஒரு பாட்டைப் போட்டோம். அதையே திரும்பப் போட்டோம். மூன்றாம் முறை போட்டபோது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது.

முதலாளி என்னைப் பிடித்தார். "டேய் கோவாலு, அந்த முகமூடியைப் போட்டுக்கிட்டு மேல ஏறுடா."

"ஏறி என்ன பண்றதுங்க?"

"சண்டை போடு."

"யாரோட?"

"உன் இஷ்டம்." பிறகு என் காதருகே வந்தார். "இன்னிக்குப் பெட்டி வரலை, நாளைக்கு அந்த இப்ராகிமை இந்தப் பக்கம் காலெடுத்து வைக்க வேண்டாம்னு சொல்லிடு."

வேலை இருக்கும்போதே பெண் தராத மனிதர் அதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். வேலையும் போனால் இப்ராகிமின் கதை அதோடு முடிந்தது. நான் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினேன்.

காற்றை வெட்டினேன். குட்டிக்கரணம் போட்டேன். நானே குத்திக்கொண்டு நானே விழுந்தேன். கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள், "பாவம், அது சாப்பிட்டுச்சோ என்னமோ" என்றார். சாப்பிடவில்லைதான்.

அப்புறம் ஒருவர் எழுந்தார். "யோவ், முகமூடியைக் கழட்டு! யாருன்னு நாங்களே பார்த்துக்கிட்டு வீட்டுக்குப் போறோம்!"

"கழட்டு! கழட்டு!" என்று டெண்ட் முழுக்கக் கத்தியது. வேறு வழியில்லாமல் கழற்றினேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அட, டிக்கெட் கிழிக்கிறவன்!"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை ஏமாற்றமடையச் செய்திருக்கிறேன். ஒரே சமயத்தில் அத்தனை பேரை ஒருபோதும் செய்ததில்லை. மணலை வாரி இறைத்தார்கள். யாரோ கம்பத்தைப் பிடித்து ஆட்டினார்கள். கூரைத் துணி மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது.

தலைக்கு மேலே போன பெட்டி

பாலத்தில் நடந்ததை இப்ராகிம் பிறகு சொன்னான்.

சைக்கிளை உருட்டவே இடமில்லை. வெள்ளம் பார்க்க வந்தவர்கள் பாலத்தின் இரண்டு கைப்பிடியிலும் சாய்ந்து, நடுவிலும் நின்று, அசையாமல் இருந்தார்கள். "வழி, வழி" என்று கத்தியிருக்கிறான். ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் அழுகிற குரலில், "அண்ணே, முகமூடிப் படத்துக் கடைசிப் பெட்டிண்ணே. அங்க ஜனம் காத்துக்கிட்டிருக்கு" என்றானாம்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "முகமூடிப் பெட்டியா? இதை முதல்லயே சொல்றதுக்கென்னடா? தூக்குங்கப்பா!"

சைக்கிளைச் சுண்டல்காரர் ஒருவரிடம் விட்டான். பெட்டி கூட்டத்தின் தலைக்கு மேலே ஏறியது. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு. "முகமூடி வருது, முகமூடி வருது" என்று சத்தம் முன்னால் போக, பெட்டி அதன் பின்னாலேயே போனது. அதற்கும் பின்னால், ஆற்றில் போட்டுவிடப் போகிறார்களே என்று இப்ராகிம் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். நடுவில் ஒரு அம்மாள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். காவிரிக்குப் போகிற சீர் என்று நினைத்திருப்பார்.

பாலத்தின் இந்தப் பக்கம் வந்ததும் பெட்டியை அவன் தலையில் வைத்து அனுப்பினார்கள். அங்கிருந்து திருவானைக்காவல் வரை ஓட்டம்.

"கையை எடுரா!"

நான் மேடையில் மணலைத் துப்பிக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் ஒரு தள்ளுமுள்ளு. எல்லோரும் எழுந்து நின்றிருந்ததால் இப்ராகிமால் உள்ளே வர முடியவில்லை. அதற்குள் ஒரு முரடன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

"இவன்தான்யா பெட்டி கொண்டாறவன்! இவ்வளவு நேரம் எங்கடா டீ குடிச்சே? உதைங்கடா!"

இன்னும் இரண்டு பேர் கையை ஓங்கினார்கள். இப்ராகிம் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தான். தடுக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. நான் மேடையிலிருந்து குதித்தேன். ஆனால் எனக்கும் அவனுக்கும் நடுவே டெண்ட் முழுக்க ஜனம்.

அப்போது கடைசிக் கம்பத்தின் அடியிலிருந்து துண்டு பறந்தது. ஒரு சிவந்த தாடி எழுந்தது.

"கையை எடுரா! என் மாப்பிள்ளை மேல கை வச்சே, அப்புறம் நடக்கறதே வேற!"

முரடன் கையை எடுத்தான். ராவுத்தர் அதோடு நிற்கவில்லை. முன்னால் நின்றவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டே, "வழி விடுங்கய்யா, மாப்பிள்ளைக்கு வழி விடுங்க, அங்க அவன் தண்ணியில முழுகிக்கிட்டிருக்கான்!" என்று ஆபரேட்டர் அறை வரைக்கும் இப்ராகிமை இழுத்துக்கொண்டு போனார். முழுகிக்கொண்டிருந்தவன் படத்து முகமூடி.

பெட்டி உள்ளே போன பிறகுதான் கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "அட, இது நம்ம பாலக்கரைத் தோல் மண்டி ராவுத்தர் இல்ல?"

"ஆமா, அவரேதான். இந்தப் பையன்தான் மாப்பிள்ளையா? சொல்லவே இல்லையே பாய்!"

ராவுத்தர் அப்படியே நின்றார். துண்டு எங்கேயோ விழுந்து கிடந்தது. முகத்தை மறைக்க இனி ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதானால் அத்தனை பேருக்கும் முன்னால் வாங்க வேண்டும். இப்ராகிம் மூச்சு வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பாலத்தில்கூட அவன் அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"ஆமா," என்றார் ராவுத்தர் கடைசியில். "இனிமேதான் சொல்லணும்னு இருந்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை புதுக்கோட்டைக்காரர்கள் வரவில்லை. ராவுத்தர் ஆள் அனுப்பிவிட்டார். நிக்காஹ் சாப்பாட்டில் நான் சாப்பிட்ட அளவை இப்ராகிம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் எனக்கு அந்தக் கல்யாணத்தைவிட அன்றைய டெண்ட்தான் நினைவில் நிற்கிறது.

விளக்கு அணைந்தது. ராவுத்தர் இப்ராகிமைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் அவர்களுக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

"இதுவரைக்கும் நடந்த கதை தெரியுமில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதுங்க மாமு."

"தெரியாதா? நீதானே பெட்டி கொண்டாறே?"

"கொண்டாந்து குடுத்துட்டு அடுத்த பெட்டிக்குப் போயிடுவேன் மாமு. ஒரு படம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை."

ராவுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தார். குதிரை எப்படி வந்தது, ராணி ஏன் அழுதாள், சாவி யாரிடம் இருக்கிறது, ஒன்றையும் விடவில்லை. இப்ராகிம் தலையாட்டிக்கொண்டே இருந்தான். தலையாட்டல் மெல்ல மெல்லப் பெரிதாகி, கடைசியில் அவன் தலை ராவுத்தரின் தோளில் சாய்ந்து நின்றுவிட்டது.

திரையில் முகமூடி சிறையை உடைத்து வெளியே வந்தான். கடைசிச் சண்டை முடிந்தது. கையைத் தூக்கி முகமூடியின் முடிச்சை அவிழ்த்தான். டெண்ட் முழுக்க எழுந்து நின்று விசிலடித்தது.

ராவுத்தர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவர்களின் கால்களுக்கு இடையே கழுத்தை வளைத்து வளைத்துத் திரையைப் பார்த்தபடி, முன்னால் நின்றவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவாக் கத்துங்கய்யா. மாப்பிள்ளை தூங்கறாரு."